இரண்டு நாள் தொழில்நுட்ப மாநாடு: எந்த அமர்வில் உட்காருவது, எதை விடுவது?

ஆலைக்கணினி:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தை ஒட்டிய ஒரு நூற்பாலையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நானும் ஓர் உதவியாளரும்தான். சர்வர், கைரேகை வருகைப்பதிவு, கணக்கு மென்பொருள், சிசிடிவி, முதலாளி வீட்டு வைஃபை என்று பிளக்கில் செருகிய எல்லாமே எங்கள் பொறுப்பு.

அடுத்த மாதம் பெங்களூரில் நடக்கும் இரண்டு நாள் தொழில்நுட்ப மாநாட்டுக்கு நிர்வாகம் என்னை அனுப்புகிறது. விற்பனையாளர்கள் ஓட்டலில் நடத்தும் அரைநாள் கூட்டங்களுக்கு மட்டுமே இதுவரை போயிருக்கிறேன். அங்கே பிரியாணி நன்றாக இருக்கும். பேச்சு நினைவில் நிற்காது. இந்த மாநாட்டிலோ ஒரே நேரத்தில் ஆறு அரங்குகளில் அமர்வுகள். பாதிக்கு மேற்பட்ட தலைப்புகளில் செயற்கை நுண்ணறிவு.

எங்கள் கவலை வேறு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அலுவலகக் கணினிகளைப் படிப்படியாக மாற்றிவிடலாம். நூலைச் சுற்றும் ஆட்டோகோனர், நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்களின் உற்பத்திக் கணக்கை எடுக்கும் கணினிகளில் கை வைக்க முடியாது. "மென்பொருளைத் தொட்டால் நாங்கள் பொறுப்பில்லை" என்று இயந்திரம் தந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

எப்படி அமர்வுகளைத் தேர்ந்தெடுப்பது? திரும்பி வந்ததும் நிர்வாகத்துக்கு அறிக்கை வேறு எழுதித் தர வேண்டும்.

ஐந்துரோடு:

தம்பி, ஒன்றிலும் உட்கார வேண்டாம். பேச்சுகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் யூடியூபுக்கு வந்துவிடும். வீட்டில் லுங்கி கட்டிக்கொண்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துக்கொள்ளலாம். குளிரூட்டிய இருட்டறையில் ஸ்லைடு பார்ப்பதற்காகத் தொப்பூர் கணவாயைத் தாண்ட வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் நில்லுங்கள், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள், மனிதர்களிடம் பேசுங்கள். மாநாடு என்பது அதுதான்.

கருப்பூர்வாசி:

ஐந்துரோடு அண்ணன் சொல்வது ஏற்கெனவே நூறு பேரைத் தெரிந்துவைத்திருப்பவருக்குப் பொருந்தும். யாரையும் தெரியாத ஒருவர் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நின்றால் தேநீர்தான் கிடைக்கும். ஒரே பேச்சைக் கேட்டு எழுந்து வரும் இரண்டு பேருக்கு, "அவர் சொன்ன அந்த இடம் புரிந்ததா?" என்று தொடங்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. வெறும் தாழ்வாரத்தில் அது இல்லை.

ஆலைக்கணினி, நிகழ்ச்சி நிரலில் அமர்வுகளுக்கு எண் போட்டிருக்கிறார்களா பாருங்கள். மைக்ரோசாஃப்ட், அமேசான் வெப் சர்வீசஸ் போன்றவை நடத்தும் மாநாடுகளில் 100 என்றால் அறிமுகம், 200 இடைநிலை, 300 மேல்நிலை, 400 வல்லுநர்களுக்கானது. உங்கள் அன்றாட வேலை எந்தத் துறையோ அதில் 300-ஐ எடுங்கள். தெரியாத துறையில் 200 போதும். 100-ஐத் தொடவே வேண்டாம்; அது இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது.

அடுத்தது, எது பதிவாகிறது, எது பதிவாகவில்லை என்று அமைப்பாளர்களிடம் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அமேசானின் ரீஇன்வென்ட் மாநாட்டில் பெரிய அரங்கப் பேச்சுகள் பிறகு யூடியூபில் வரும். வெண்பலகை முன் சிறு குழுவாக நடக்கும் உரையாடல்களும் பட்டறைகளும் வராது. பல மாநாடுகளில் இதே பழக்கம்தான். ஒரே நேரத்தில் இரண்டு நல்ல அமர்வுகள் மோதினால், பதிவாகாத அமர்வுக்குப் போங்கள். இதில் ஐந்துரோடு அண்ணனுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

ஐந்துரோடு:

சண்டை இருக்கிறது. டக்ளஸ் எங்கல்பர்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாட்டில் தொண்ணூறு நிமிடம் நடத்திய செயல்விளக்கம் கேள்விப்பட்டிருப்பீர்கள். மவுஸ், மீயுரை (சொடுக்கினால் வேறு பக்கத்துக்குப் போகும் இணைப்புள்ள உரை), காணொளி உரையாடல் எல்லாவற்றையும் ஒரே மேடையில் காட்டினார். கணினித் துறையின் மிகப் பெரிய அமர்வு அதுதான். அந்தப் படமும் இணையத்தில் இருக்கிறது. அந்த அரங்கில் இல்லாத நானும் முழுதாகப் பார்த்துவிட்டேன்.

கருப்பூர்வாசி:

பார்த்தீர்கள். கேள்வி கேட்டீர்களா?

கொலுசுப்பட்டறை:

நல்ல அடி :)

நான் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், இப்போது பெங்களூரில் கிளவுட் பொறியாளர். மாநாடுகளில் பேசவும் செய்கிறேன், சில மாநாடுகளின் தேர்வுக் குழுவிலும் இருந்திருக்கிறேன். மேடையின் அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

பேச்சின் முன்மொழிவை நாங்கள் அனுப்புவது மாநாட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்னால். அந்தப் பருவத்தில் எது ஓடுகிறதோ அதைத் தலைப்பில் ஒட்டினால்தான் குழுவின் கண்ணில் படும். இந்த ஆண்டு அது செயற்கை நுண்ணறிவு; முன்பு பிளாக்செயின் ஒட்டினார்கள், அதற்கு முன்பு பெருந்தரவு. எனவே தலைப்பை விட்டுவிட்டு அதன் கீழே இருக்கும் சுருக்கத்தைப் படியுங்கள். "இப்படிச் செய்தோம், இங்கே உடைந்தது, இப்படி மாற்றினோம்" என்று நடந்ததைச் சொன்னால் போய் உட்காருங்கள். "மாற்றியமைக்கும், புரட்சி செய்யும், புதிய உச்சத்துக்கு எடுத்துச் செல்லும்" என்று வரப்போவதையே சொன்னால் அந்த நேரத்தில் சாப்பிட்டுவிடுங்கள். பந்தியில் கூட்டமும் குறைவாக இருக்கும்.

மாநாட்டுக்குப் பணம் தரும் புரவலர் நிறுவனங்களின் அமர்வுகளை எல்லோரும் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். பேச்சு விளம்பரமாகவே இருக்கும், உண்மைதான். ஆனால் அந்த நிறுவனம் தன் பொறியாளர்களையும் கூட்டி வந்திருக்கும். அவர்கள் அரங்கின் பின்வரிசையில் அடையாள அட்டையோடு சும்மா நின்றுகொண்டிருப்பார்கள். உங்கள் அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்தால் ஒரு வாரம் கழித்தும் கிடைக்காத ஆள் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். மேடையைப் பார்க்காதீர்கள், பின்வரிசையைப் பாருங்கள்.

நேரடிச் செயல்விளக்கம் உள்ள அமர்வை விடாதீர்கள். 1998 ஏப்ரலில் சிகாகோவில் காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரைச் செருகியதும் கணினி முடங்கித் திரை நீலமாகிப்போனது உலகப் புகழ் பெற்றது. அது பெரிய மேடை, சிரித்துவிட்டுக் கடந்துவிட்டார்கள். சிறிய அரங்கில் உடைந்தால் பேச்சாளர் அங்கேயே சரிசெய்ய முயல்வார். எந்தப் பதிவுக் கோப்பை (லாக்) முதலில் திறக்கிறார், எதைச் சந்தேகிக்கிறார், எதைச் சந்தேகிக்கவே இல்லை என்பதெல்லாம் எந்த ஸ்லைடிலும் இராது.

ஆலைக்கணினி:

அக்கா, கருப்பூர்வாசி சார், மிக்க நன்றி. ஒரு சின்னச் சந்தேகம். உட்கார்ந்த பிறகு அது நமக்கானது அல்ல என்று தெரிந்தால் பாதியில் எழுந்து போகலாமா? ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுவது மரியாதையாகத் தோன்றவில்லை.

ஐந்துரோடு:

எழுந்து போங்கள். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1985-இல் திறந்தவெளிக் கூட்டம் என்று ஒரு முறையைத் தொடங்கினார். மேடை இல்லை, முன்பே அச்சிட்ட நிரல் இல்லை. வந்தவர்களே காலையில் சுவரில் தலைப்புகளை ஒட்டுவார்கள். அதில் ஒரே ஒரு விதி: கற்கவும் இல்லை, கற்பிக்கவும் இல்லை என்றால் உன் இரண்டு கால்களைப் பயன்படுத்து.

கொலுசுப்பட்டறை:

பேச்சாளராகச் சொல்கிறேன், எழுந்து போகிறவர்கள் எங்களைப் புண்படுத்துவதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்தான் புண்படுத்துகிறார். ஓரத்து இருக்கையில் அமருங்கள். நடுவில் அமர்ந்துவிட்டுப் பத்துப் பேர் முழங்காலைத் தாண்டி வருவது வேண்டாம்.

தொப்பூர்தாண்டி:

அமர்வைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் வழியைச் சொல்கிறேன். மாநாடு தும்கூர் சாலையில் இருக்கும் பெரிய கண்காட்சி மையத்தில் என்றால், சேலம் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போகாதீர்கள். பொம்மசந்திராவில் இறங்கிவிடுங்கள். 2025 ஆகஸ்ட்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடத்தில் ஆர்.வி. ரோடு வரை சென்று, அங்கே பச்சைத் தடத்துக்கு மாறினால் நேராக மாதாவரா, மையத்துக்குப் பக்கத்து நிலையம். முன்பெல்லாம் சில்க் போர்டு நெரிசலிலேயே முதல் அமர்வு முடிந்துவிடும்.

சென்னையில் நடந்தால் கவலையே இல்லை. ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் சென்ட்ரலில் இறக்கிவிடும். முதல் மெட்ரோவில் ஆலந்தூர் போனால் நந்தம்பாக்கம் வர்த்தக மையம் பக்கம்தான்.

கருப்பூர்வாசி:

ஆலைக்கணினி, இன்னொன்று. உங்கள் கவலையைக் கேள்வியாக மாற்றிக்கொண்டு போங்கள். "பழைய கணினிகளை எப்படிப் பாதுகாப்பது?" என்று கேட்டால், "தொடர்ந்து புதுப்பியுங்கள்" என்ற பதில்தான் வரும். யாராலும் அதற்குமேல் சொல்ல முடியாது. இப்படிக் கேளுங்கள்: "இயந்திரத்தோடு வந்த கணினியில் இயங்குதளத்தையும் புதுப்பிக்கக் கூடாது, ஆன்டிவைரஸும் போடக் கூடாது. அது ஒரே ஒரு சர்வருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இயந்திர நிறுவனத்தின் ஆள் மாதம் ஒருமுறை பென்டிரைவோடு வருவார்; இடையில் தொலைவிலிருந்தும் உள்ளே நுழைவார். நான் எதை அடைக்க வேண்டும், எதைத் திறந்து வைக்க வேண்டும்?" இதற்குப் பொதுப்படையாகப் பதில் சொல்லித் தப்ப முடியாது. தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்ததும் ஒலிவாங்கிக்கு முன்னால் வரிசை நிற்கும், அங்கே கேட்காதீர்கள். நானூறு பேர் முன்னால் எந்தப் பேச்சாளரும் பொத்தாம்பொதுவாகத்தான் பேசுவார். அவர் மடிக்கணினியை மூடிக்கொண்டு இறங்கும்போது கேளுங்கள்.

கொலுசுப்பட்டறை:

இதோடு இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட உத்தரவுப்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்; பதிவுக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்) பற்றிய அமர்வு எது இருந்தாலும், "இரண்டே பேர் உள்ள பிரிவு அந்த 6 மணி நேரத்தில் எதை முதலில் செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். பெரிய நிறுவனத்தில் இருப்பவர்கள் இதை யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். யோசித்தவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

மலைக்காப்பி:

நான் ஏற்காட்டில் இருந்து வேலை செய்கிறேன். தலையிட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எல்லோரும் பெங்களூர், சென்னை என்றே பேசுகிறீர்களே. நம் ஊரில் ஒன்றும் நடக்காதா?

ஐந்துரோடு:

முதலில் தம்பி போய்விட்டு வரட்டும்.

ஆலைக்கணினி:

போய்விட்டு வந்துவிட்டேன். அறிக்கையையும் கொடுத்துவிட்டேன். இங்கேயும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொடக்க உரை நீண்டுகொண்டே போனது. பெரிய திரை, புகை, இசை, செயற்கை நுண்ணறிவு. அதில் எனக்கு ஒரு பயன் உண்டு: பக்கத்தில் இருந்தவரும் கொட்டாவி விட்டார். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் என்னுடைய அதே வேலை. அவருடைய ஆலையிலும் "தொட்டால் பொறுப்பில்லை" என்ற அதே வசனம்தான். பிறகு இரண்டு நாளும் சேர்ந்தே சுற்றினோம். வெவ்வேறு அமர்வுகளுக்குப் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்தில் குறிப்புகளை மாற்றிக்கொண்டோம். ஐந்துரோடு சாருக்கும் கருப்பூர்வாசி சாருக்கும் இதில் ஆளுக்குப் பாதி வெற்றி.

ரான்சம்வேர் அமர்வில் பேசியவர் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருப்பவர். அக்கா சொன்னது போல நடந்ததையே சொன்னார். அவர்களிடம் பேக்கப் இருந்தது. ஆனால் பேக்கப் சர்வரும் மற்ற சர்வர்களும் ஒரே டொமைனில், ஒரே நிர்வாகக் கடவுச்சொல்லில் இருந்தன. உள்ளே வந்தவர்கள் முதலில் பேக்கப்பை அழித்துவிட்டுத்தான் மற்றதைப் பூட்டினார்கள். இப்போது ஒரு பிரதியை வலையமைப்பில் இருந்து கழற்றியே வைக்கிறார்களாம். அதோடு நிற்கவில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து ஒரு சர்வரை முழுதாக எழுப்பிப் பார்க்கிறார்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார்.

அவர் மேடையிலிருந்து இறங்கும்போது 6 மணி நேரக் கேள்வியைக் கேட்டேன். பதில் எளிமையானது: எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். புகார்ப் படிவம், அனுப்ப வேண்டிய முகவரி, இணைய இணைப்பு தருபவரின் எண், எந்த நெட்வொர்க் ஸ்விட்சில் எந்தக் கம்பியைப் பிடுங்க வேண்டும் என்ற படம், எல்லாமே. அன்றைக்கு உங்கள் மின்னஞ்சலும் இயங்காது, அந்த ஆவணங்கள் இருக்கும் கணினியும் திறக்காது என்றார். இது எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது.

தொழிற்சாலை வலையமைப்பு பற்றிய அமர்வு ஒரு மூலை அறையில் நடந்தது. பதிவும் இல்லை, ஸ்லைடும் இல்லை. வெண்பலகையில் வரைந்தே பேசினார்கள். சட்டைப்பைத் தாளை எடுத்து அப்படியே வாசித்தேன். அறையில் பாதிப் பேர் சிரித்தார்கள், எல்லோருக்கும் அதே கதை. சுருக்கமாக: இயந்திரக் கணினிகளைத் தனி வி-லேனில் (ஒரே ஸ்விட்சில் தனியாகப் பிரித்த வலையமைப்பு) ஒதுக்கிவிட வேண்டும். அதற்கும் அலுவலகத்துக்கும் நடுவில் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால். இயந்திரத்திலிருந்து நடுவில் ஒரு சர்வருக்குத் தகவல் போகலாம், அந்தச் சர்வரிலிருந்து கணக்கு மென்பொருள் எடுத்துக்கொள்ளலாம். நேரடி வழி கிடையாது, இணையமும் கிடையாது. தொலைவிலிருந்து நுழையும் மென்பொருள் எப்போதும் அணைந்தே இருக்கட்டும்; அவர்கள் தொலைபேசியில் கேட்டால் திறந்துவிட்டு, வேலை முடியும்வரை பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். பென்டிரைவை, எதோடும் இணைக்காத ஒரு கணினியில் சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: இயந்திரக் கணினியின் ஹார்டு டிஸ்க்கை முழு நகல் எடுத்து, அதே மாதிரி இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, பீரோவில் வைத்துவிடுங்கள். உடைந்தால் மாற்றிப் பொருத்துவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இன்னொரு அமர்விலிருந்து பாதியில் எழுந்தும் வந்தேன். ஆயிரக்கணக்கான சர்வர்களை ஒரே நேரத்தில் இயக்குவது பற்றிப் பேசினார்கள். எங்களிடம் இருப்பது மூன்று.

ஐந்துரோடு:

நல்லது தம்பி. அறிக்கையில் என்ன எழுதினீர்கள்?

ஆலைக்கணினி:

அமர்வுகளின் பட்டியலை எழுதவில்லை. என்ன வாங்க வேண்டும், என்ன செலவு, வாங்காவிட்டால் எந்த இயந்திரம் நிற்கும் என்று ஒரே பக்கம். முதலாளி முழுதும் படித்தார். ஸ்விட்சுகளுக்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டார். பிறகு, "செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒன்றுமே இல்லையே, தூங்கிவிட்டாயா?" என்று கேட்டார்.

கொலுசுப்பட்டறை:

அடுத்த முறை கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாங்கள் தலைப்பில் ஒட்டுவது போலத்தான்.

மலைக்காப்பி:

தம்பி போய்விட்டு வந்துவிட்டார். இப்போது என் கேள்விக்கு வாருங்கள். அந்த மூலை அறை அமர்வு மட்டும் போதும் என்றால் அதை நாமே நடத்தலாமே? சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் நூற்பாலை, ஜவ்வரிசி ஆலை, மருத்துவமனை, கல்லூரி என்று எத்தனை இடங்களில் ஒற்றை ஆளாகக் கணினிப் பிரிவைச் சுமக்கிறார்கள்! மேடை வேண்டாம், புரவலர் வேண்டாம். முப்பது பேர், ஒரு வெண்பலகை. ஏற்காட்டில் வார நாட்களில் அறை வாடகை இறங்கிவிடும்.

கருப்பூர்வாசி:

யோசனை நல்லது, இடம்தான் யோசிக்க வேண்டும். ஜாகீர் அம்மாபாளையத்தில் அரசின் எல்காட் ஐ.டி. வளாகம் இருக்கிறது, நகரில் கல்லூரி அரங்குகள் இருக்கின்றன. எதற்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள்? பாதிப் பேர் மேலே வந்து எலுமிச்சைதான் தேடுவார்கள்.

மலைக்காப்பி:

கீழே வைத்தால் பதினோரு மணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும், "பிரின்டர் வேலை செய்யவில்லை" என்பார்கள், எழுந்து ஓடிவிடுவார்கள். மேலே வந்தவர் உடனே இறங்க முடியாது. எஸ்டேட் பக்கம் பல இடங்களில் கைபேசிச் சிக்னலும் கிடைக்காது. இதை நான் வசதியாகத்தான் சொல்கிறேன்.

ஐந்துரோடு:

இதற்கு நான் வருகிறேன். ஆனால் மே மாதம் வேண்டாம். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது ஏரிக்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. டிசம்பரும் வேண்டாம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோயின. பிப்ரவரியில் வையுங்கள்.

தொப்பூர்தாண்டி:

வேனுக்கு நான் பொறுப்பு. காலையில் ஐந்து ரோட்டில் இருந்து புறப்படலாம். சாப்பிட்டவுடனே ஏற வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஆலைக்கணினி:

இராஜபாளையத்து நண்பரும் வருகிறேன் என்கிறார். பென்டிரைவ் விஷயத்தில் அவர் ஆலையில் செய்திருக்கும் ஏற்பாட்டை வரைந்து காட்டுவாராம்.

நிர்வாகி:

ஏற்காடு கூட்டத்துக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். வருபவர்கள் பெயருக்குப் பக்கத்தில் தாங்கள் கொண்டுவரும் கேள்வியையும் ஒரு வரியில் எழுதுங்கள். வெறும் "நானும் வருகிறேன்" என்ற பதிவுகளை நீக்கிவிடுவேன். சைவமா அசைவமா என்பதும் அங்கேயே.